வேம்புவின் ஐந்தாவது விரல்

தனபால் அண்ணன் ஃபோனைக் காதில் வைக்கவில்லை, ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். அப்படியும் அந்த அம்மாளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எம் மருமவ மாசமா கீறா. வாரம் தவறாம அந்தப் பொம்மையப் பாத்துக்கினு கீறா. அந்தப் பொண்ணு கையில நாலு வெரல்தான் கீது. நாளைக்கு எம் பேரப்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சின்னா யாரு பொறுப்பு? நீயா, அத்த வரையறவனா?"

வரையறவன் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இடம் திண்டிவனம். உரக்கடை ஒன்றின் மாடியில் மூன்று அறைகள். அதுதான் தனபால் அண்ணனின் கேபிள் டிவி ஆபீஸ், ஒளிபரப்பு நிலையம், எல்லாமே. கீழேயிருந்து யூரியா நெடி ஏறிக்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது. அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, வழக்கம்போல நான்கு நிமிடம் என்னுடைய கார்ட்டூன் ஓடியிருந்தது. பெயர் 'வேம்பு வந்துட்டா'. வேம்பு ஏழு வயதுப் பெண். பஸ் நிற்காமல் போனால் மறுநாள் நடுரோட்டில் எருமையை நிறுத்துவாள். ரேஷன் கடை வரிசையில் யார் இடையில் புகுந்தாலும் கையை நீட்டிச் சண்டை போடுவாள். அந்த நீட்டிய கைதான் வம்பாகிப் போனது.

"இது அஞ்சாவது போன்" என்றார் தனபால் அண்ணன், ஃபோனை வைத்துவிட்டு. "காலையிலருந்து ஒரே பேஜாரு. ஏன்பா லூர்து, ஒரு வெரல் வரைய உனக்கு இன்னா கேடு?"

போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். என் பொம்மைகளுக்கு எப்போதும் நான்கே விரல் இருப்பதைச் சின்ன வயதிலிருந்து கவனித்து வருகிறாராம், சோம்பேறித்தனமா என்று கேட்டிருக்கிறார். ஐயா, சோம்பேறித்தனம்தான். ஆனால் அது என் சோம்பேறித்தனம் இல்லை. உலகத்துக் கார்ட்டூன்காரர்கள் எல்லோருடைய சோம்பேறித்தனமும் சேர்ந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கரடி எதைப் பார்த்தது?

காலேஜ் முடித்த கையோடு சென்னைக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். வெளிநாட்டுக் கார்ட்டூன்களைக் கூலிக்கு வரைந்து அனுப்பும் இடம். பெரிய ஆர்ட்டிஸ்ட் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வரைந்து கொடுப்பார். நடுவில் வரும் அசைவுகளையெல்லாம் எங்களைப் போன்றவர்கள் தாள் தாளாக வரைய வேண்டும். ஒரு வருடம் முழுக்க ஒரு கரடி தலையைத் திருப்புவதையே வரைந்தேன். அது எதைப் பார்ப்பதற்காகத் திருப்புகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் நாளே பெரிய ஆர்ட்டிஸ்ட் என் தாளைப் பார்த்துவிட்டு ஒரு விரலை ரப்பரால் அழித்தார். சின்னக் கையில் ஐந்து விரல் போட்டால் வாழைப்பழச் சீப்பு மாதிரி தெரியும், அதோடு ஒரு நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு படம் வரைகிறவன் ஒரு விரலை விட்டால் வருடத்துக்கு ஒரு மாதம் மிச்சம் என்றார். அன்றைக்கு அழித்ததுதான். அதன் பிறகு நான் யாருக்கும் ஐந்தாவது விரல் போட்டதில்லை.

மூன்று வருடத்தில் வெளிநாட்டுக்காரன் வேறு எங்கோ இன்னும் மலிவாகக் கிடைக்கிறது என்று போய்விட்டான். ஸ்டுடியோவை மூடினார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கே வந்து சேர்ந்தேன்.

ஜங்ஷனில் வேலை பார்த்த என் அப்பாவுக்கு நான் என்ன வேலை செய்தேன் என்பது கடைசிவரை விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றால் சொந்தக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். "டிவியில வேலைன்னு சொன்னாங்களே, உன்னைய ஒரு நாளும் பாக்கவே முடியலயே?" நான் டிவியில் வரமாட்டேன், நான் வரைந்த கரடிதான் வரும் என்று சொல்வேன். அதற்கப்புறம் அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு பரிதாபம் இருக்கும். பெண் கொடுக்க வந்த ஸ்டெல்லாவின் சித்தப்பா இன்னும் ஒரு படி மேலே போய், "அது சரி தம்பி, பகல்ல இன்னா பண்றீங்க?" என்று கேட்டார்.

விலா எலும்புகளின் மேல் வானம்

ஸ்டெல்லா விழுப்புரத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். கல்யாணமான புதிதில் நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், "உங்களுக்கு வரையத்தானே தெரியும், வரைங்களேன்" என்றாள். அப்படி வந்தவள்தான் வேம்பு. குரலும் ஸ்டெல்லாவுடையதுதான். வகுப்பில் தினமும் நாற்பது பிள்ளைகளின் கத்தலைக் கேட்கிறவளுக்கு ஏழு வயதுக் குரல் தானாக வந்தது.

வரைவதற்குக் கண்ணாடி மாதிரியான தாள் வேண்டும். அதை விலைக்கு வாங்க நமக்கு வசதியில்லை. ஆஸ்பத்திரிகளில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே பிலிம்களை வாங்கி வந்து, காஸ்டிக் சோடா போட்ட பிளாஸ்டிக் டப்பில் ஊறவைத்துக் கழுவுவோம். கறுப்பெல்லாம் கரைந்து போனாலும் லேசான நீலம் மட்டும் போகாது. அதனால் வேம்புவின் ஊரில் எந்நேரமும் விடியற்காலைதான். சரியாகக் கழுவாத தாளில் யாருடைய விலா எலும்போ வானத்தில் மங்கலாகத் தெரியும். அதைப் பற்றி ஒருத்தர்கூட ஃபோன் செய்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கல்யாண வீடியோ எடுக்கிற கேமராவை மேஜைக்கு மேலே தலைகீழாகக் கட்டி, ஒவ்வொரு படத்துக்கும் பட்டனை அமுக்கி, அமுக்கின வேகத்தில் நிறுத்த வேண்டும். ஒரு வாரம் முழுக்க அமுக்கினால் நான்கு நிமிடம் தேறும். வேலையைக் குறைக்க ஒரு வழி வைத்திருந்தோம். வேம்புவின் கைகளை மட்டும் தனித் தாள்களில் வரைந்து ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கியிருந்தோம். நீட்டிய கை, கும்பிடும் கை, டாட்டா காட்டும் கை, இடுப்பில் ஊன்றிய கை, திட்டும் கை என்று இருநூறுக்கும் குறையாது. எந்தக் கதையானாலும் அந்த டின்னிலிருந்து எடுத்து உடம்பின் மேல் வைத்தால் போதும்.

டேப்பை எடுத்துக்கொண்டு ரயிலில் திண்டிவனம் போவேன். அண்ணன் வாங்கிப் போடுவார். மயிலம் வரைக்கும் அவர் கேபிள் இழுத்திருந்தார். வேம்புவை மயிலத்திலும் பார்க்கிறார்கள் என்று அவர் சொன்ன நாளில் நான் வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவு சந்தோஷம். என் பெயரில், என் கையால், எனக்கென்று இருந்தது அந்த நான்கு நிமிடம் ஒன்றுதான்.

"அது வெள்ளைக்காரன் புள்ள"

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

தனபால் அண்ணனிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். உலகம் பூராவும் கார்ட்டூனுக்கு நான்கு விரல்தான், அது தொழில் வழக்கம் என்றேன். நம்பவில்லை. மறுநாள் விழுப்புரத்திலிருந்து பழைய ஸ்டுடியோத் தாள்களையெல்லாம் சுமந்துகொண்டு போய் மேஜையில் பரப்பினேன். என் கரடி, ஒரு முயல், இரண்டு திருடன்கள், ஒரு போலீஸ்காரர். எல்லோருக்கும் நான்கு.

ஒவ்வொரு கையாக விரலை வைத்து எண்ணிப் பார்த்தார். பிறகு தாள்களை ஒதுக்கி வைத்தார்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் புள்ள. அதுக்கு நாலு இருந்தா நமக்கு இன்னா, மூணு இருந்தா நமக்கு இன்னா? வேம்பு நம்ம புள்ள. நம்ம புள்ளைக்கு ஒரு வெரல் இல்லன்னா ஊரு கேக்குமா கேக்காதா?"

"அண்ணே, அது வெறும் பொம்மை."

"அது உனக்கு. மல்லாட்டை ஒடைக்கிற மிஷின்ல மாட்டிக்கிச்சான்னு ஒருத்தர் கேக்கறாரு. கிரகணத்துல அதும் அம்மா வெளிய வந்துட்டாளான்னு இன்னொருத்தி கேக்கறா. வேம்புக்கு அம்மா யாருன்னு நான் எங்க போய் தேடறது?"

வேர்க்கடலை மிஷினாம், கிரகணமாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் மாங்கு மாங்கென்று கதை யோசித்திருக்கிறேன், எருமை நடப்பதற்கென்றே ஒரு வாரம் எருமைக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். எருமையின் நடை நன்றாக இருக்கிறது என்று ஒரு ஜீவன் சொன்னதில்லை. எல்லோரும் எண்ணிக்கொண்டு இருந்தது விரலை.

விளம்பரம் கொடுக்கிற நகைக்கடைக்காரர் வேறு, ஊனமான பொம்மைக்குப் பின்னால் தன் கடைப் பெயர் வருவது சகுனத்தடை என்று சொல்லிவிட்டாராம். அண்ணன் எழுந்து நின்று முடிவாகச் சொன்னார். "இன்னும் ரெண்டு வாரம் டைம். அஞ்சாவது வெரல் வந்தா வேம்பு உண்டு. இல்லன்னா ஆறரைக்கு சினிமாப் பாட்டுப் போட்டுக்கறேன். கோச்சிக்காத."

கோபித்துக்கொண்டேன். ஆனாலும் வீட்டுக்குப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்தேன்.

இருநூறு கைகள். ஒட்டவைக்க இடமே இல்லாத கைகளில் ஒரு சுண்டுவிரலைச் செருக வேண்டும். பழைய கோட்டைச் சுரண்டி, பெயிண்ட்டைச் சுரண்டி, மறுபடி வரைந்து, மறுபடி பூசி. ஸ்டெல்லா பள்ளிக்கூடம் விட்டு வந்து பாதியைப் பூசினாள். "கும்புடற கையில அஞ்சு வந்தா இன்னா, நாலு வந்தா இன்னா, சைடுல தான தெரியுது?" என்று கேட்டாள். எண்ணுவார்கள் என்றேன். பெரிய ஆர்ட்டிஸ்ட் சொன்னது சரிதான், அச்சு அசல் வாழைப்பழச் சீப்பு.

ஐந்து விரலோடு வேம்பு வந்தாள். ஊர் அடங்கியது. ஒரு வாரம் கழித்து அன்றைக்கு ஃபோனில் கத்திய அந்த அம்மாளே மாடிப்படி ஏறி வந்தார், கையில் லட்டுப் பெட்டியோடு. தனக்குப் பேரன் பிறந்திருக்கிறான், கை கால் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, சமயத்துக்கு நான் விரலைப் போட்டதால்தான் என்றார். அந்த லட்டையும் தின்றேன். என்ன செய்வது?

பிற்காலத்தில் சென்னையில் பெரிய சேனல்களுக்கு வேலை செய்தபோதெல்லாம் இந்த லட்டு ஞாபகம் வரும். குளிர்சாதன அறையில் ஆறு பேர் உட்கார்ந்து, கதாநாயகியைக் கொஞ்சம் சிவப்பாக்குங்கள், பாவாடைக்குப் பதில் கவுன் போடுங்கள், எருமைக்குப் பதில் டால்பின் வைக்கலாமா என்பார்கள். அவர்களில் ஒருத்தர்கூட லட்டு கொண்டுவந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை

லட்டுக்கு இரண்டு வாரம் தள்ளி, ஒரு சனிக்கிழமை காலை. நான் ஆபீசில் டேப் கொடுத்துவிட்டுக் கிளம்பும் நேரம். ஒரு பெண் படியேறி வந்து வாசலிலேயே நின்றார். முப்பது வயதிருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயதில் ஒரு குழந்தை.

"வேம்பு வரையறவரு இங்க கீறாருன்னாங்க."

நான்தான் என்றேன்.

"மயிலம் பக்கத்துலருந்து வர்றோம் சார். இன்னிக்கு மல்லாட்டை ஆயற வேலைக்குக்கூட போவல. இது ஒரே தொல்லை. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணுமாம். நான் பொம்மைன்னு சொன்னா கேக்க மாட்டேங்குது."

குழந்தை வலது கையை முன்னால் நீட்டியது. நான்கு விரல். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருந்தது.

"அவளுக்கு எப்டி மொளச்சிச்சி? இன்னா மருந்து தடவுனா?"

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாயே பேச ஆரம்பித்தார்.

"பொறக்கும்போதே இப்டிதான் சார். கிரகணத்தன்னிக்கு நான் வெளிய போயிட்டேன்னு எங்க மாமியா ஆறு வருசமா கேக்காத கேள்வி இல்ல. நான் போவவே இல்ல சார். கதவ சாத்திக்கினு உள்ளதான் குந்திக்கினு இருந்தேன். சொன்னா யாரு நம்பறாங்க? ஒங்க வேம்பு வந்தப்புறம்தான் கெழவி வாய மூடிச்சி. டிவியில வர்ற பொண்ணுக்கே நாலுதான், இன்னாத்துக்கு எங்க அம்மாவ திட்றன்னு இதுவே கெழவிகிட்ட கையக் காட்டும். இப்ப மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சி. பாரு, அந்தப் புள்ளைக்கே மொளச்சிடுச்சி, உன் பொண்ணுக்குத்தான் மொளைக்கல, அது நீ செஞ்ச பாவம்னு."

அவர் அழவில்லை. பஸ் நிற்காமல் போனதைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

நான் குழந்தையிடம், "மருந்தெல்லாம் இல்ல பாப்பா. நான்தான் வரைஞ்சேன்" என்றேன்.

அது தன் கையைத் திருப்பிப் பார்த்தது. "அப்போ ரப்பர் வெச்சி அழிச்சிடலாம் இல்ல?"

"அழிச்சிடலாம்" என்றேன். "வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை, ஆறரை மணிக்குப் பாரு."

நறுக்

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டாள். "அவரு நிறுத்தினா நிறுத்தட்டும். எனக்குச் சம்பளம் வருது, சோத்துக்குச் செத்துட மாட்டோம்" என்றாள். மறுபடியும் இருநூறு கைகளைச் சுரண்டினோம். இந்த முறை எனக்கு வலிக்கவில்லை.

கதை இதுதான். வேம்பு பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடுகிறாள். விரல் விட்டு எண்ணும்போது ஐந்தாவது விரல் இடிக்கிறது. உற்றுப் பார்க்கிறாள். அது விரலே இல்லை, சின்னப் பிள்ளைகள் விரலில் மாட்டிக்கொண்டு தின்னும் குழாய் அப்பளம். நறுக்கென்று கடித்துத் தின்றுவிட்டு, கையை நமக்கு நேராக நீட்டுகிறாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. எனக்கு இதான் கை. நான் பொறந்ததே இப்டிதான். எங்க அம்மா ஒண்ணும் பண்ணல." அவ்வளவுதான். மைக்குக்கு முன்னால் ஸ்டெல்லா நிஜ அப்பளத்தைக் கடித்தாள். ஒரு பாக்கெட் தீர்ந்தது.

நான் செய்ததிலேயே நல்லது அதுதான். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

தனபால் அண்ணன் எப்போதும் டேப்பை முன்கூட்டிப் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை ஆறரைக்கு நானே செருகினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அப்பளம் நறுக்கென்றபோது தொப்பை குலுங்கச் சிரித்தார். அதற்குள் முதல் ஃபோன் வந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

இரண்டாவது ஃபோன் நகைக்கடை. மூன்றாவது லட்டு அம்மாள். நான்காவது மயிலத்திலிருந்து அவருடைய லைன்மேன். ஃபோனை முழம் தள்ளிப் பிடித்திருந்ததால் எனக்கும் கேட்டது. "அண்ணே, மயிலம் சைடு பூரா அஞ்சு மணியிலருந்து கரண்ட் இல்ல. எப்ப வரும்னு தெரியல. ஜனங்க என்னாண்ட கத்திக்கினு கீறாங்க."

"அண்ணே, நாளைக்கு ஒரே ஒரு தடவை இதையே திருப்பிப் போடுங்க" என்றேன். ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனிடம் எவ்வளவு கெஞ்ச முடியுமோ அவ்வளவு கெஞ்சினேன். எதற்கு என்பதையும் சொன்னேன்.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "பாவம்தான். ஆனா அந்த ஒரு வூட்டுக்கோசரம் மத்த வூட்டுக்கெல்லாம் நான் இன்னா பதில் சொல்றது?" அத்தோடு வேம்பு நின்றது. டேப் அவருடையது, அந்நாளில் டேப்பை யாரும் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். நான் மறுவாரம் கேட்கப் போனபோது அதன் மேல் யார் வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவோ பதிவாகியிருந்தது.

வேம்பு நின்ற வாரமே, ஞாயிற்றுக்கிழமை, நான்கு விரல் கைத் தாள்கள் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு மயிலம் போனேன். நேரில் காட்டிவிடலாம், வேம்புவுக்குப் பழையபடி ஆகிவிட்டது என்று அந்தக் கிழவி எதிரிலேயே சொல்லிவிடலாம் என்றுதான். பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு பழக்கடைக்காரரிடம் விசாரிக்கப் போனேன்.

"யாரு வூட்டுக்கு சார்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தையின் பெயரை நான் கேட்கவே இல்லை. தாயின் பெயரையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. ஊரெல்லாம் விரலையே எண்ணுகிறது என்று ஆத்திரப்பட்ட நானும் அன்றைக்கு அந்தக் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது அடையாளம் சொல்ல என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். நாலு விரல் பொண்ணு வீடு எது என்று கேட்டிருந்தால் யாராவது கை காட்டியிருப்பார்கள்.

கேட்க வாய் வரவில்லை. பழக்கடைக்காரர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.